வெள்ளிக்கிழமை மட்டும் மாறும் முகவரி

வெள்ளிக்கிழமை மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து அந்த அக்காவின் போன் வரும். "பாப்பா, மறுபடியும் போயிருச்சு" என்பார். என்ன போயிற்று என்று நான் கேட்பதில்லை. போனது அவருடைய கம்ப்யூட்டரின் முகவரி.

நான் வேலை செய்வது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில். கடை வைத்திருப்பவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் நெட்வொர்க் படித்தவள் என்பதால் வயர், வைஃபை, ரவுட்டர் என்று எது வந்தாலும் என் மேஜைக்கு வந்து சேரும். போன் செய்யும் அக்கா பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் வியாபாரியின் ஆபீசில் பில் போடுகிறவர். சின்னாளப்பட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். அந்த ஆபீசில் கையால் எழுதிக்கொண்டிருந்த பில்லைக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொல்லி முதலாளியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவரும் அவர்தான். அதனால் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது அவரை.

முகவரி என்று சொன்னேன். ஒரு ஆபீசில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் வேண்டும். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் இருப்பதைப் போல. அந்த எண்ணைக் கொடுப்பது ரவுட்டர் என்கிற சின்னப் பெட்டி. கம்ப்யூட்டர் எழுந்ததும் "எனக்கு ஒரு எண் கொடுங்கள்" என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். ரவுட்டர் பதில் சொல்லும். அந்த எண்ணிலேயே எந்தத் தெரு என்பதும் இருக்கும். அக்காவின் ஆபீசுக்கு ஒன்றாம் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரும், பில்லெல்லாம் இருக்கும் சர்வரும் அதே தெருவில் இருக்கின்றன. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அக்காவின் கம்ப்யூட்டர் தன் எண்ணைப் பார்த்துவிட்டு, தான் பூஜ்யத் தெருவில் குடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் பிரிண்டரை அதற்குத் தெரியாது. விசித்திரம் என்னவென்றால், இன்டர்நெட் மட்டும் ஜோராக வேலை செய்யும். சமையல் வீடியோ பார்க்கலாம், பில் போட முடியாது.

வெள்ளிக்கிழமை என்பது அங்கே சாதாரண நாள் இல்லை. அய்யலூர் ஆட்டுச் சந்தை முடிந்த மறுநாள். சந்தைக்கு வந்த வியாபாரிகள் அப்படியே டவுனுக்கு வந்து, ஜும்மா தொழுதுவிட்டு, முதலாளி பாயிடம் பேசி, சாப்பிட்டுப் போவார்கள். அன்றைக்குத் தொழுகை முடிந்த கையோடுதான் பதப்படுத்திய தோலை ஏற்றிக்கொண்டு லாரி ஆம்பூருக்குக் கிளம்பும். பில் கையில் இல்லாமல் லாரி நகராது.

முதல் சில வாரங்கள் அண்ணன்தான் போய்ப் பார்த்தார். கம்ப்யூட்டரை இரண்டு மூன்று முறை அணைத்துப் போடுவார். ஏதாவது ஒரு முறை சரியான எண் வந்துவிடும். "விண்டோஸ் அப்டேட்டு வேலையக் காட்டுது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். பிறகு ஒரு முறை அலுத்துப்போய், அக்காவின் கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணைக் கையால் எழுதி, இனி ரவுட்டரிடம் கேட்கவே வேண்டாம் என்று ஆணி அடித்தாற்போல வைத்துவிட்டு வந்தார். ரவுட்டருக்கு அந்த விஷயம் தெரியாது. அது அதே எண்ணைத் தூக்கி எடைமேடைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. இரண்டும் படுத்துக்கொண்டன. அன்றைக்கு முதலாளி அண்ணனிடம், "தம்பி, இனிமே ஆணி அடிக்கிற வேலையோட இந்தப் பக்கம் வராதீக" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்த ஆபீஸ் என் கைக்கு வந்தது.

அதோடு ஒரு செய்தியும் வந்தது. அதைச் சொன்னது அக்கா.

"பாப்பா, மொதலாளியோட தம்பி திருச்சியில ஆபீசு வச்சிருக்காருல்ல? அங்க பில்லிங்க மாத்தப் போறாராம் மொதலாளி. வர்ற வெள்ளியும் லாரி நின்னுச்சுன்னா அம்புட்டுதான். அடுத்த வாரத்துலேருந்து எனக்கு இங்க வேலை இல்ல."

"உங்களத் திருச்சிக்கு வரச் சொல்லலையா அக்கா?"

"சொன்னாரு. நான் எங்கிட்டுப் போக? எம் பொண்ணு இப்பத்தான் காலேஜுல சேந்திருக்கா. வெள்ளிக்கிழமை ஆனா கம்ப்யூட்டருக்கும் லீவு கேக்குது, அதுக்கு நான் என்ன செய்ய?"

அழவில்லை. கோபமும் இல்லை. பஸ் தாமதமானதைச் சொல்லும் குரலில் சொன்னார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

எனக்கு எதையும் வரிசையாக யோசித்துத்தான் பழக்கம். மளிகைக் கடைக்குப் போனாலும் கடைக்காரர் சாமான் வைத்திருக்கும் வரிசைப்படியே கேட்பேன். வீட்டில் கிண்டல் செய்வார்கள். இந்த விஷயத்திலும் வரிசை ஒன்று போட்டேன். தவறான எண் வருகிறது என்றால் யாரோ கொடுக்கிறார்கள். கொடுப்பது ஆபீஸ் ரவுட்டர் இல்லை, ஏனென்றால் அதற்குப் பூஜ்யத் தெருவே தெரியாது. ஆகவே ஆபீசுக்குள் எங்கோ இரண்டாவது ரவுட்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. அது எங்கே? ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் வாயைத் திறக்கிறது?

செவ்வாய்க்கிழமை போய்த் தேடினேன். எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒன்றாம் தெருவில் ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தன. மேஜைக்கு அடியில் பார்த்தேன். அலமாரிக்கு மேல் பார்த்தேன். பின்னால் தோல் அடுக்கியிருக்கும் குடோனுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மூலையில் எல்லா வயர்களும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தேன். சில வயர்கள் கம்ப்யூட்டர்களுக்குப் போயின. மீதிக் கொத்து சுவரில் இருந்த பைப்புக்குள் புகுந்து மறைந்தது.

"இதெல்லாம் என்ன அக்கா?"

"அது கேமரா வயரு. அதுல கை வச்சுறாத, மொதலாளி சத்தம் போடுவாரு."

"இந்த நாலஞ்சு மாசத்துல ஆபீசுல புதுசா எதாவது மாட்டினாங்களா? சின்னப் பெட்டி, வயர், ஏதாவது?"

அக்கா நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆபீசுல ஒரு ஆணி கூடப் புதுசு கெடையாது."

அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஸ்விட்ச மாத்திப் பாரு" என்றார். அண்ணன் எதற்கும் முதலில் சொல்வது அதுதான். காரணம் தெரியாமல் பொருளை மாற்றுவது எனக்குப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை மதியம் அங்கேயே உட்கார்ந்து, தவறு நடக்கும்போது கண்ணால் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது லாரி ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும், "வாம்மா. இன்னிக்கு நீதான் ஜட்ஜு. தீர்ப்பு என்னான்னு சாயங்காலம் சொல்லிடு, நான் தம்பிக்குப் போன் போடணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான் ஒவ்வொன்றின் எண்ணையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியது. ஆபீசில் இருந்த ஆண்கள் எல்லோரும் கை கால் கழுவிவிட்டுக் கிளம்பினார்கள். முதலாளி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எல்லாம் மூடியாச்சா?" என்று கேட்டார். பிறகு வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஒரே நேரத்தில் மின்விசிறி, விளக்கு, கம்ப்யூட்டர், ரவுட்டர் எல்லாம் அடங்கின.

"பாய், எதுக்கு மெயினையே அணைக்கிறீங்க?" என்றேன்.

"எங்க அத்தா காலத்துலேருந்து வழக்கம்மா. ஒரு ஜும்மா அன்னைக்குப் பக்கத்துக் குடோனு தீப்புடிச்சிருச்சு. தெருவுல ஒரு ஆம்பள இல்ல, எல்லாரும் தொழுகையில நிக்கிறோம். அன்னையிலேர்ந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் மெயினு கீழதான்."

"ராத்திரியில அணைக்க மாட்டீங்களா?"

"ராத்திரி நான்தான் மாடியில படுத்திருக்கேனே. கேமரா வேற ஓடணும்."

"அப்ப இப்ப ஆளும் இல்ல, கேமராவும் இல்லையே பாய்?"

அவர் விரலை மேலே காட்டினார். "இந்த நேரத்துக்கு அவன் பாத்துக்குவான்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இந்த வழக்கத்தை அக்கா எனக்குச் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, "தெனைக்கும் கதவப் பூட்டுறோம், அதையும் சொல்லுவாகளா?" என்றார். அதுவும் சரிதான்.

என் மனதுக்குள் பாதி விடை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் ஆபீஸ் ரவுட்டர் தூங்குகிறது. அது பழைய பெட்டி. எழுப்பினால் சோம்பல் முறித்து, கண்ணைக் கசக்கி, சுதாரித்து உட்காரச் சில நிமிடம் ஆகும். கம்ப்யூட்டர்கள் அதற்குள் எழுந்து எண் கேட்டுவிடும். அந்த இடைவெளியில்தான் வேறு யாரோ பதில் சொல்கிறார்கள். ஆனால் மெயினை அணைத்தால் அந்த யாரோவும்தானே தூங்க வேண்டும்?

"வா பாப்பா, மேல போவோம். வெள்ளிக்கிழமை மொதலாளி வீட்டம்மா எனக்கும் சேத்துத்தான் பொங்குவாக" என்று அக்கா என்னை மாடிக்கு அழைத்துப் போனார். ஆபீசுக்கு மேலேதான் முதலாளியின் வீடு. படியேறும்போதே நெய்யும் பட்டையும் மணந்தன. கதவைத் திறந்ததும் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தேன்.

"மேல கரண்ட் இருக்கா?"

"வீட்டுக்குத் தனி மீட்டருல்ல" என்றார் அக்கா.

முதலாளியின் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். மூக்குக் கண்ணாடி, தலையில் முக்காடு, வேகமான நடை. "வாங்கம்மா, கம்ப்யூட்டரு டாக்டரா? இம்புட்டுச் சின்னப் புள்ளையா இருக்க! உக்காரு. செத்த நேரத்துல சாப்பாடு ஆயிரும்" என்றார். அடுப்பில் பெரிய சட்டியில் பருப்பும் கறியும் போட்ட தாளிச்சா கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு அண்டாவில் உலைத் தண்ணீர் தயாராக இருந்தது. அரிசி கழுவிக் கூடையில் இருந்தது, இன்னும் போடவில்லை.

என் போனில் டேட்டா தீர்ந்திருந்தது. அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்றேன். "எங்க வைஃபை இருக்கே, போட்டுக்க" என்று அம்மா பாஸ்வேர்டைச் சொன்னார். போட்டேன். பழக்கதோஷத்தில், இணைந்ததும் என் போனுக்கு என்ன எண் வந்திருக்கிறது என்று பார்த்தேன்.

பூஜ்யத் தெரு.

நான் அப்படியே நிமிர்ந்து பார்த்தேன். ஹாலில் பெரிய டிவி. டிவிக்குக் கீழே தட்டில் ஒரு ரவுட்டர் பச்சைக் கண் சிமிட்டிக்கொண்டு, தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாத உற்சாகத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு குட்டி வயர் டிவிக்குப் போனது. இன்னொரு நீள வயர் ஜன்னல் ஓரம் போய், ஒரு பைப்புக்குள் நுழைந்து, கீழே இறங்கியது. டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் திரை கறுப்பாக இருந்தது.

"அம்மா, டிவியில ஏன் ஒண்ணும் வரல?"

"அது கேமரால்ல. கீழ மெயினு போட்டாத்தான் படம் வரும்."

"ஆபீஸ் கேமராவ நீங்க எதுக்கும்மா பாக்குறீங்க?"

அவர் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். நெடுநாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல இருந்தது. "கேளு. இவரு போகும்போது நாலு பேருக்குன்னு சொல்லிட்டுப் போவாரு. தொழுதுட்டு வரும்போது பின்னாடி ஒரு பட்டாளம் வரும். அய்யலூர்ச் சந்தையே வீட்டுல நிக்கும். நான் என்ன செய்ய? சோறும் பத்தாது, வெஞ்சனமும் பத்தாது. கூடப் போட்டா மிஞ்சிப் போகுது. அதான், நோம்புக்கு முன்னாடி கேமரா தொடைக்க ஒரு ஆளு வந்தாரு. அவருகிட்ட சொன்னேன், தம்பி, கீழ தெரியிற படம் எனக்கு இங்க தெரியணும்னு. ஒரு வயர இழுத்து இதுல சொருகிட்டுப் போனாரு. இப்ப அவுக உள்ள நொழையும்போதே தலைய எண்ணிட்டு அரிசியப் போட்ருவேன். அவுக பேசி முடிச்சு மேல வர, சோறு வெந்திருக்கும்."

நான் அக்காவைப் பார்த்தேன். "ஆபீசுல ஒரு ஆணி கூடப் புதுசு இல்லைன்னு சொன்னீங்களே!"

"ஆபீசுலன்னுதான நீ கேட்ட? இது வீடு" என்றார் அக்கா. பிறகு அவருக்கே ஏதோ உறைத்தது. "ஏ பாப்பா, நம்ம கம்ப்யூட்டருக்கு வந்த கேடும் நோம்பு வாக்குலதான ஆரம்பிச்சது?"

கேமராக்காரர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். டிவிக்குப் படம் வந்தது. ஆனால் அந்த ஒரு வயரால் வீட்டுத் தெருவும் ஆபீஸ் தெருவும் ஒட்டிக்கொண்டன. எண் கொடுக்கும் ஆள் இரண்டு பேர் ஆனார்கள். மற்ற நாட்களில் பக்கத்திலேயே விழித்திருக்கும் ஆபீஸ் ரவுட்டர் தன் பிள்ளைகளைத் தானே பார்த்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அது தூக்கம் கலைவதற்குள், தனி மீட்டரில் தூங்காமல் இருந்த மாடி ரவுட்டர் "வாங்க வாங்க" என்று எல்லோருக்கும் எண் கொடுத்து உபசரித்துவிட்டது. அந்த வீட்டு வழக்கப்படிதான் அதுவும் நடந்துகொண்டது. என் வரிசையில் குடோன் இருந்தது, அலமாரி இருந்தது. அடுப்படி இல்லை.

இதை அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிவியில் வெளிச்சம் வந்தது. மெயின் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர்கள் கரண்ட் வந்ததும் தானாக எழும்படி வைத்திருந்தார்கள். அக்கா தடதடவென்று கீழே ஓடினார். திரையில் ஆபீஸ் வாசல் தெரிந்தது. முதலாளிக்குப் பின்னால் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... அந்தத் தாடிக்காரரு வந்திருக்காரு. அவர ரெண்டா எண்ணிக்கணும். அஞ்சு, ஆறு..."

என் போன் அடித்தது. கீழேயிருந்து அக்கா. "பாப்பா, மறுபடியும் போயிருச்சு! டிரைவரு ஹாரன் அடிக்கிறாரு, மொதலாளி என் பக்கத்துலயே நிக்கிறாரு!"

"ஏழு..." என்றார் அம்மா.

"அம்மா, மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அந்த நீள வயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது.

"அய்யய்யோ! ஏழுல நிக்கிதே! வாசல்ல இன்னும் ஆளு நின்னாங்களே!"

போனில் அக்காவிடம், "எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரு தடவ அணைச்சுப் போடுங்க அக்கா. பொறுமையா, ஒவ்வொண்ணா" என்றேன். அதற்குள் அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார். கீழே முற்றத்தில் நின்றிருந்தவர்களைப் பார்த்து அவர் போட்ட குரல் தெரு முனைக்குக் கேட்டிருக்கும்.

"என்னங்க! உள்ள எத்தன பேரு போனாக? ஏழுக்கு மேல எண்ண முடியல!"

கீழே விருந்தாளிகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த தாடிக்காரர்தான் முதலில் பேசினார்.

"பாய், உங்க வீட்டுல தலைய எண்ணித்தான் சோறு போடுறாகளா?"

"அதெல்லாம் இல்லங்க, அவ சும்மா..." என்று குரல் கேட்டு வெளியே வந்த முதலாளி இழுத்தார்.

"இருக்கட்டும் பாய். எங்க ஊட்டுல எண்ணாமப் போட்டு நேத்துக் கூட நான் அரை வயிறு. என்னைய மட்டும் ரெண்டா எண்ணிக்கிடச் சொல்லுங்க."

அம்மா ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, வாயை முந்தானையால் பொத்திச் சிரித்தார். "அவர முன்னாடியே ரெண்டாத்தான் எண்ணிட்டேன்னு சொல்லிறாத" என்றார் என்னிடம். பிறகு கூடையிலிருந்த அரிசி முழுவதையும் உலையில் கொட்டினார்.

என் போனில் அக்காவின் குரல் வந்தது. "பாப்பா, ஒண்ணு வந்திருச்சு! ஒண்ணாம் தெரு!" அவருக்குப் பின்னால் பிரிண்டர் இருமிக்கொண்டு காகிதத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. அதுவரை ஒரு பிரிண்டர் சத்தத்துக்காக நான் சந்தோஷப்பட்டதில்லை.

முதலாளி மாடிக்கு வந்தார். நான் டிவிக்குக் கீழே வயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வயரைப் பார்த்தார், ரவுட்டரைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"அப்ப எம் பில்ல நிறுத்துனது என் வீட்டு வயருதானா? திருட்டுக்குப் பயந்து நீ கேமராவப் பாக்குறதா நெனச்சேன். நீ சோத்துக்குப் பாத்தியா? அப்படின்னா திருச்சிக்கு மாத்த வேண்டியது பில்லிங்க இல்ல. இந்த டிவிய."

"மாத்துங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நீங்களே பொங்கி நீங்களே எண்ணிக்கங்க" என்றார் அம்மா, உலையைக் கிளறியபடி.

அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, படமும் வரணும், பில்லும் வரணும். வழி இருக்கா?"

இருந்தது. அதற்கு ஒரு பொருள்கூடப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. டிவிக்குப் பின்னால் வயர் சொருகும் ஓட்டை ஒன்று இருக்கும். குட்டி வயரை எடுத்துவிட்டு, கீழேயிருந்து வந்த நீள வயரை ரவுட்டருக்குப் பதில் நேராக டிவியிலேயே சொருகினேன். அவ்வளவுதான். டிவி மட்டும் ஆபீஸ் தெருவில் குடியேறிவிட்டது. மாடி ரவுட்டர் வீட்டோடு நின்றுகொண்டது. இரண்டு தெருவுக்கும் இனி வழி இல்லை. சில வினாடிகளில் திரையில் ஆபீஸ் வந்தது. தாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலைக் காட்டினார்.

முதலாளி சிரித்தார். ஆனால் வியாபாரி. "இப்ப வந்திருச்சு. உங்க அண்ணன் வந்தப்பவும்தான் வந்துச்சு. மெயினத் திரும்பப் போட்டா?"

"போட்டுப் பாத்துருவோம் பாய்."

"விருந்தாளி உக்காந்திருக்காக."

"நீங்க அணைச்சு, உடனே போடுங்க. அப்பவும் பில் வந்தா, இனிமே எந்த வெள்ளியும் வரும். வரலைன்னா நானே உங்க தம்பிக்குப் போன் போடுறேன்."

காரணம் சரிதான் என்று தெரியும். ஆனாலும் கீழே போகும்போது ஒவ்வொரு படியிலும் வேறு என்ன இருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். அக்கா தன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எதற்கு மறுபடியும் என்று கேட்கவில்லை. முதல் பில்லை மடித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டு, "நீ செத்த நேரம் இரு அண்ணே. போயிறாத" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி கைப்பிடியை இழுத்தார். மின்விசிறி நின்றது. விருந்தாளிகள், "என்ன பாய், சாப்பாட்டுக்கு முன்னாடியே வெளியேத்துறீகளா?" என்று கேட்டார்கள். கைப்பிடியை மேலே தள்ளினார். கம்ப்யூட்டர்கள் எழுந்தன, எண் கேட்டன. பதில் சொல்ல யாரும் இல்லை. ஆபீஸ் ரவுட்டர் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. அக்காவின் திரையில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"வரலையே பாப்பா" என்றார் மெதுவாக.

"வரும் அக்கா. இப்ப யாரும் தப்பாச் சொல்லல. அதுவே நல்லது. சரியான ஆளு எழுந்து வரட்டும்."

முதலாளி, டிரைவர், தாடிக்காரர் எல்லோரும் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். ரவுட்டரின் கடைசி விளக்கு எரிந்தது. திரையில் எண் வந்தது. ஒன்றாம் தெரு. அடுத்த மேஜையில் பார்த்தேன், அங்கேயும் ஒன்று. எடைமேடையிலும் ஒன்று. அக்கா இன்னொரு பில்லைப் போட்டுப் பார்த்தார். பிரிண்டர் ஒரு முறை யோசித்துவிட்டு, காகிதத்தை வெளியே தள்ளியது.

டிரைவர் கிளம்பினார். முதலாளி போனை எடுத்துத் தம்பியிடம் பேசினார். நாங்கள் எல்லோரும் கேட்கும்படியே பேசினார். "ஏலே, நீ அங்க ஆளு கீளு பாத்துறாத. பில்லு இங்கயேதான். ஆமா, அந்தப் புள்ளையேதான் போடும். என்ன கோளாறா? கோளாறு வீட்டுக்குள்ள இருந்துச்சுடா, அப்புறம் சொல்றேன்." போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "நீ இன்னும் சாப்புடலயா? போம்மா, மேல போ" என்றார்.

"அடுத்த பில்லும் போட்டுட்டு வாரேன் மொதலாளி. இன்னிக்கு என்னமோ கை ஓடுது" என்றார் அக்கா. அவர் முகத்தைப் பிரிண்டர் பக்கம் வைத்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஆனால் காதிலிருந்த தொங்கட்டான் ஆடிக்கொண்டே இருந்தது.

மாடியிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"என்னாச்சு?"

"மாடி வீட்டு ரவுட்டர்ண்ணே. ஆபீசோட ஒட்டியிருந்துச்சு. பிரிச்சு விட்டுட்டேன்."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

"நீங்க விண்டோஸ்னு சொன்னீங்க."

"சரி சரி, அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும். சாப்டியா?"

சாப்பிட்டேன். சோறு தேவைக்கு அதிகமாகவே இருந்தது. ஏழுக்கு மேல் எண்ண முடியாத பயத்தில் அம்மா கூடை அரிசி முழுவதையும் போட்டிருந்தார் அல்லவா? ஆனால் தாடிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மீதமானதை அக்காவின் டப்பாவிலும் என் டப்பாவிலும் அடைத்துக் கொடுத்தார்கள். காலையில் நான் கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாயங்காலம் கடையில் அண்ணன்தான் சாப்பிட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மதியம் நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தபோது அடித்தது. அக்காதான்.

"என்ன அக்கா, போயிருச்சா?"

"எங்க போகுது? பில்லு போட்டு லாரியும் போயாச்சு. அம்மா உன்னையக் கூப்பிடுறாக. இந்த வாரம் ஆளு கொறைச்சலாம், சோறு மிஞ்சுமாம். வாரியா?"

டப்பாவை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். ஆபீஸ் வாசலில் இறங்கி, கேமராவுக்கு நேராகப் போய் நின்று, கையை நன்றாக உயர்த்தி ஆட்டினேன். மாடி ஜன்னல் திறந்தது.

"ஒண்ணு கூட்டிக்க!" என்று அம்மா உள்ளே யாரிடமோ சொல்வது கேட்டது.